ஒன்பது கண்ணிக்குள் கடல்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பின்னால் நடந்ததை முன்னால் சொல்லி, கேட்கிறவர்களைக் குழப்பிவிடுவேன் என்று என் புருஷன் எப்போதும் சொல்வார். அவர் இப்போது ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லை.

அதனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ததேயு சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கூட்ட மாட்டேன். கூட்டினால் கெட்டுவிடும். அவர் பேசியதே கொஞ்சம்.

*

"மக்களே, எனக்க படத்தில கடல் எதுக்கு இவ்வளவு தூரத்தில நிக்குது?"

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ததேயுவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். எங்கள் பக்கம் வயதில் இளையவர் ஒருவராக இருந்தாலும் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

ததேயுவின் ஸ்டுடியோ எங்கள் துறையில், அதாவது எங்கள் மீனவர் ஊரில், கோயிலுக்கு எதிரே இருக்கிறது. கல்யாணம், பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை, சாவு மூன்றுக்கும் அவர்தான் படம் எடுப்பார். வயது முப்பது இருக்கும். எனக்கு நாற்பத்தெட்டு. சாவு வீடுகளில் நின்று நின்று அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது என்பார்கள்.

என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். வீட்டுக்கு முன்னால் நின்று எடுத்த படம்.

கட்டைவிரலால் படத்தின் மேல்பக்கத்தை மூடினார்.

"இது என்னது?"

"வானம்."

இன்னொரு கட்டைவிரலால் கீழ்ப்பக்கத்தை மூடினார்.

"இது?"

"மணல்."

"நடுவில?"

இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு நூல் அளவு கடல் இருந்தது.

"தூரமா நிக்கல்ல அக்கா. நீங்க கடலை எடுக்கவே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் இருக்கிறது.

எங்கள் வீடுதான் துறையில் கடைசி வீடு. தெற்கே கடல். கிழக்கே தென்னந்தோப்பு. மேற்கிலிருந்து கரையோரமாகப் பாறாங்கல்லைக் கொட்டிக்கொண்டே வந்தவர்கள், பக்கத்து வீட்டு விர்ஜித்தாள் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் கல் இல்லை. அலைக்கும் எங்களுக்கும் நடுவில் வெறும் மணல்தான். அதையும் கடல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போகிறது.

கல் போடச் சொல்லி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். கூடவே ஒரு படமும் கொடுத்தேன். "கடல் போதிய தொலைவில் இருப்பது படத்தில் தெரிகிறது" என்று பதில் வந்தது.

சனிக்கிழமைக்குள் வேறு படம் கொடுத்தால் திரும்பப் பார்ப்பார்களாம். வெளியிலிருந்து ஒன்று, வீட்டுக்குள்ளிருந்து ஒன்று. பங்குச் சாமியார் கேட்டுச் சொன்னார். கல் வராவிட்டால் ஆடிமாதக் கடலுக்கு வீடு நிற்காது. வீட்டில் நானும் என் புருஷனுடைய அக்காவும் மட்டும்தான். அவளை மைனி என்று கூப்பிடுவேன். இடுப்பு ஒடிந்து நாலு வருடமாகக் கட்டிலில் இருக்கிறாள்.

"நீயே வந்து எடுத்துத் தா மக்களே. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"அந்த வீட்டில நான் தூங்கினதில்ல அக்கா."

"அதுக்கும் போட்டோவுக்கும் என்ன?"

அவர் கேமராவைத் திறந்தார். என் ஃபோனில் எதையோ அழுத்தினார். திரையில் நெடுக்காக இரண்டு கோடு, குறுக்காக இரண்டு கோடு வந்தது.

"இது என்னது?"

எனக்குக் கட்டம் என்று சொல்ல வரவில்லை. பத்து வயதிலிருந்து கிழிந்த வலையைக் கண்ணி கண்ணியாகப் பொத்துகிற கை என்னுடையது.

"கண்ணி. ஒன்பது கண்ணி."

அவர் சிரித்தார். சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கண்ணியேதான். கடல் எந்தக் கண்ணியில மாட்டணும்னு நீங்கதான் பாக்கணும். எல்லாத்தையும் நடுக் கண்ணியில கொண்டு போய்த் திணிக்காதிங்க."

*

புதன்கிழமை நாற்பது படம் எடுத்தேன்.

முப்பத்தொன்பது குப்பை. நாற்பதாவதைப் பார்த்து எனக்கே மூச்சு நின்றது.

தோப்புக்குள் ரொம்பத் தூரம் போய் நின்று, இரண்டு விரலால் திரையை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி எடுத்தது. அதில் கடல் எங்கள் கூரைக்கு மேலே மலை மாதிரி எழுந்து நின்றது.

மீன் கழுவின கையோடு ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

"பாரு மக்களே, பாரு! இதைப் பாத்தா கலெக்டரே கல்லைச் சுமந்துட்டு வருவாரு!"

பார்த்தார்.

"கடல் கூரைக்கு மேல வந்தாச்சா?"

"இல்ல. இழுத்து எடுத்தேன். அப்படி வந்திருக்கு."

"வந்து பாக்கிறவனுக்க காலு நனையாது."

நான் திரையை இன்னொரு தடவை பார்த்தேன்.

"அழிங்க."

அழித்தேன். நாற்பதில் ஒன்று, அதுவும் போனது.

"பிறகு நான் எங்கதான் நிக்க? முன்னால நின்னா தூரமாப் போவுது. பின்னால நின்னா பொய்யாப் போவுது."

அவர் மேசையைச் சுற்றி வந்து என் எதிரே நின்றார்.

"எனக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடம் இருக்கு?"

"இருக்கும் ஒரு மூணு அடி. நேரா நின்னு பாத்தா எப்படித் தெரியும்?"

அவர் சுவர்ப்பக்கம் கையைக் காட்டினார். படம் எடுக்க வருகிறவர்கள் தலை சீவிக்கொள்கிற பெரிய கண்ணாடி அங்கே இருந்தது. கண்ணாடிக்குள் பக்கவாட்டில் நான் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம். நடுவில் இருந்த இடம் அப்படியே தெரிந்தது. ஒரு கை நீளம்தான்.

"ஐயோ, நீங்க..." என்றேன்.

ஓடினேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

*

விர்ஜித்தாள் வீட்டுக் கல்லில் ஏறிக் கிழக்கே பார்த்து நின்றேன். இடது பக்கம் என் வீட்டுச் சுவர். வலது பக்கம் அலை. இரண்டும் ஒரே படத்தில்.

அது போதாது என்று தோன்றியது. இறங்கி மணலில் குப்புறப் படுத்தேன்.

"எட்டி டெல்பினு, சினிமா எடுக்கியா?" என்று விர்ஜித்தாள் வாசலில் நின்று கத்தினாள்.

"போட்டோவாக்கும்."

"யாருக்கு?"

"கடலுக்கு."

"சிரிக்கச் சொன்னியா?"

அலை ஒன்று வந்து திரும்பியது. அது விட்டுப்போன நுரை மணலில் ஒரு வரியாகக் கிடந்தது. அந்த வரி என் ஃபோனின் கீழ் மூலையில் தொடங்கியது. கரைவலைக் கயிறு மாதிரி வளைந்து வளைந்து என் வீட்டின் மேற்கு மூலைக்கே போய் முடிந்தது.

கண்ணை எங்கே வைத்தாலும் அந்த வரி இழுத்துக்கொண்டு போய் வீட்டில் விட்டது.

எத்தனை வருடமாக அந்த நுரையை மிதித்து நடக்கிறேன்! அது எங்கே போகிறது என்று ஒரு நாள் பார்த்தது இல்லை.

"கிடைச்சிட்டு!" என்று கத்தினேன். வாய்க்குள் மணல் போனது.

படத்தை ததேயுவுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது.

"எவ்வளவு?"

புரியவில்லை. கூப்பிட்டேன்.

"எவ்வளவுன்னா? என்னது எவ்வளவு?"

"சுவருக்கும் தண்ணிக்கும் நடுவில. பத்து அடியா, நூறு அடியா? படத்தைப் பாத்தா தெரியுதா?"

பார்த்தேன். தெரியவில்லை. வெறும் மணலைப் பார்த்து எப்படிச் சொல்ல?

"டேப்பு வச்சு அளக்கணுமா தம்பி?"

"சாவு வீட்டுப் படத்தில பெட்டி பெருசா சின்னதான்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்தில நாற்காலி போட்டு ஆளு உக்காந்திருக்கும்லா. அதை வச்சு."

ஃபோனை வைத்துவிட்டார்.

ரொம்ப நேரம் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கோயில் மண்டபத்துக்குப் போனேன்.

*

வியாழக்கிழமை மண்டபத்திலிருந்து எட்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தேன். எல்லாம் வெள்ளை. வீட்டுச் சுவரை ஒட்டி முதல் நாற்காலி. அதை ஒட்டி இரண்டாவது. அப்படியே கடலைப் பார்த்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து மைனியின் சத்தம் வந்தது.

"எட்டி, யாரு செத்துட்டா?"

"யாரும் சாவல்ல மைனி. அளவுக்காக்கும்."

"கடல் வந்து உக்காருமோ?"

"ததேயு சொன்னாங்க."

"சொன்னாங்களா? அவன் எப்பத்தில இருந்து உனக்கு 'ங்க' ஆனான்? மூக்கு ஒழுக நம்ம முற்றத்தில நின்ன பய!"

எட்டாவது நாற்காலியைப் போட்டேன். அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. மண்டபத்து நாற்காலி! சாமியாருக்கு என்ன பதில் சொல்வேன்? முட்டளவு தண்ணீரில் இறங்கி, விழுந்து, எழுந்து, அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். விர்ஜித்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏழு நாற்காலி. ஏழாவதின் கால் நனைந்திருந்தது.

பழைய இடத்தில் போய்ப் படுத்தேன். வெள்ளை நாற்காலிகள் சுவரிலிருந்து தண்ணீருக்கு ஒரு கோடு. நுரை, மூலையிலிருந்து வீட்டுக்கு ஒரு கோடு. கடல் மேல் கண்ணியில் இருந்தது. வீடு ஓரக் கண்ணியில் இருந்தது. நடுக் கண்ணியில் ஒன்றும் இல்லை, மணல் மட்டும்தான். இருக்கிற மணல் அவ்வளவுதான் என்று யாருக்கும் தெரியும்.

ததேயு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆரும் இதில உக்காரல்ல" என்றார்.

"உக்காரணுமா?"

"வேண்டாம். வெளிப்படம் முடிஞ்சிட்டு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

*

வெள்ளிக்கிழமை உள்படம்.

மைனியின் கட்டில் தெற்கு ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஜன்னலில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் படத்தில் காலண்டர், துணிக்கயிறு, தைல பாட்டில், டார்ச்லைட், மருந்துச் சீட்டு எல்லாம் இருந்தது. கடலும் எங்கோ இருந்தது.

காலண்டரை எடுத்தேன். துணிக்கயிற்றை அவிழ்த்தேன்.

"வீட்டைக் காலி பண்ணுதியா?" என்றாள் மைனி.

"படத்தைக் காலி பண்ணுதேன்."

ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க ஜன்னல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஜன்னல் சட்டமும், அதன் அடிக்கட்டையில் மைனி வைத்திருந்த கையும் மட்டும் மிஞ்சின.

நான் இரண்டு அடி பின்னால் வந்தேன். ஜன்னலுக்குள் மணலே இல்லை. வானம் கொஞ்சம், மற்றதெல்லாம் கடல். சட்டம் போட்டு மாட்டிய படம் மாதிரி. ஆனால் படம் அசைந்தது.

"மைனி! நாம இத்தனை நாளும் போட்டோவுக்குள்ளதான் இருந்திருக்கோம்!"

"பைத்தியம் பிடிச்சிட்டு உனக்கு."

கண்ணிக் கோட்டில் ஜன்னலின் அடிக்கட்டையைச் சேர்த்துப் பிடித்தேன்.

கடல் சாய்ந்திருந்தது.

மேற்கே ஏறி, கிழக்கே இறங்கி. சாய்ந்த தட்டில் ஊற்றிய குழம்பு மாதிரி.

ஃபோனைத் திருப்பிக் கடலைக் கோட்டில் சேர்த்தேன். இப்போது ஜன்னல் சாய்ந்தது.

கையைத் துடைத்தேன். மூச்சைப் பிடித்தேன். முக்காலியில் முழங்கையை ஊன்றினேன். பத்து தடவை எடுத்தேன். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சாய்ந்தது.

ததேயுவைக் கூப்பிட்டேன்.

"தம்பி, கடல் சாயுது. ஜன்னலை நேராப் பிடிச்சா கடல் சாயுது. கடலை நேராப் பிடிச்சா ஜன்னல் சாயுது. நாளைக்குப் படம் குடுக்கணும். எந்தக் கோட்டைப் பிடிக்க, எந்தக் கோட்டை விட?"

"விர்ஜித்தாள் அக்கா வீட்டு ஜன்னல்ல எடுத்துப் பாருங்க."

ஓடினேன்.

"இப்ப எனக்க வீட்டையும் சினிமாவில சேக்கியா? நில்லு, தலை சீவிட்டு வாறேன்" என்றாள் விர்ஜித்தாள்.

எடுத்தேன். அங்கே ஜன்னலும் கடலும் ஒன்றுக்கொன்று துணையாகப் படுத்திருந்தன. ஒரு முடியளவுகூடச் சாய்வு இல்லை.

திரும்ப என் வீட்டுக்கு வந்து எடுத்தேன். சாய்ந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன்.

"குத்தம் எனக்க மேலதான் தம்பி. அவ வீட்டில கை நேரா நிக்குது. எனக்க வீட்டுக்கு வந்தா பயத்தில கோணுது. பயப்படாம எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

"மாமி எங்க?"

"மைனியா? கட்டில்ல."

"கட்டில் எங்க?"

"ஜன்னலுக்குக் கீழ. எங்க இருக்கும்?"

ஃபோனை வைத்துவிட்டார்.

அடுப்பில் கஞ்சி கொதிப்பதற்குள் தெருவில் பைக் சத்தம் கேட்டது. ததேயு செருப்போடு உள்ளே வந்தார். சாவு வீட்டில்கூட வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்.

"வா மக்கா. காப்பி குடிக்கியா?" என்றாள் மைனி.

"தண்ணி போதும் மாமி. கண்ணாடி கிளாஸ்ல."

கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் குடிக்கவில்லை. கிளாஸை ஜன்னலின் அடிக்கட்டையில், மைனியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் ஆடி ஆடி நின்றது.

"எடுங்க" என்றார்.

குனிந்தேன். ஃபோனை கிளாஸுக்கு நேராகக் கொண்டுவந்தேன்.

கிளாஸுக்குள் தண்ணீரின் கோடு. அதற்குப் பின்னால் கடலின் கோடு. கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தேன். இரண்டு கோடும் நெருங்கி நெருங்கி வந்து ஒன்றாகச் சேர்ந்தன. கண்ணிக் கோடும் அதன்மேல் போய்ப் படிந்தது.

மூன்றும் ஒரே கோடு.

கிளாஸின் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நேராக இல்லை. ஜன்னல் இல்லை. மைனியின் கை இல்லை.

"இப்ப எது சாயுது?" என்று கேட்டார் ததேயு.

சாய்வது வீடு. ஒரு மாதமாக எங்கள் வாசல் கதவு தானாகத் திறந்துகொண்டிருந்தது. காற்று என்று நினைத்திருந்தோம்.

கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மேற்கு மூலையில், விர்ஜித்தாள் வீட்டுக் கல்லில் மோதித் திரும்புகிற அலை வந்து அறைகிற இடத்தில், சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. அதற்குள்ளிருந்து ஈரக்காற்று வந்தது. கடலின் சத்தமும் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

ஒரே ஒரு தடவை அழுத்தினேன். படத்தில் கடல் நேராக இருந்தது.

"என்னட்டி, ரெண்டு பேரும் தண்ணியைப் பாத்துட்டு நிக்கிய?" என்றாள் மைனி.

ஃபோனை இடுப்பில் செருகினேன். அடுப்பை அணைத்தேன். மைனியின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தேன். கால் பக்கத்தை ததேயு பிடித்தார்.

"எங்கோட்டு கொண்டு போறிய? எட்டி டெல்பினு, கஞ்சி! கஞ்சியாவது எடுட்டி!"

கஞ்சியை எடுக்கவில்லை. வடக்கு வாசல் வழியாக மைனியைத் தெருவுக்கு இறக்கி, மண்டபம் வருகிற வரைக்கும் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டு போனோம்.